காய்ச்சலின் கணக்கில் தாய்மார்

1935ஆம் ஆண்டு இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை. நாலில் ஒரு குழந்தைக்கும் மேல். அந்தக் குழந்தைகளைப் பெற்ற பெண்கள் எத்தனை பேர் உயிர் பிழைத்தார்கள் என்ற கேள்வியோடுதான் நான் மலேரியாவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்த புத்தகங்களில் ஆறுகள் இருந்தன, மழை இருந்தது, நுளம்பின் இனப்பெயர் இருந்தது, ஆளுநர்களும் வைத்திய அதிகாரிகளும் இருந்தார்கள். தாய்மாரைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

மலேரியாவின் கதை வழக்கமாக ஆண்களின் கண்டுபிடிப்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. 1820இல் பாரிசில் பெல்லெத்தியே, கவந்து என்ற இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1897 ஆகஸ்ட் 20ஆம் திகதி செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். இந்தக் கதையில் பெண் இரண்டு இடங்களில்தான் வருகிறாள். ஒன்று, சிங்கோனா என்ற பெயருக்குக் காரணமான சிங்கோன் சீமாட்டி. பெரு நாட்டு ஸ்பானிய ஆளுநரின் மனைவியான அவர் இந்தப் பட்டையைக் குடித்துக் குணமடைந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார் என்ற கதையை நம்பித்தான் லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அவர் பெயரை வைத்தார். கதை பொய்யென்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆளுநரின் நாட்குறிப்பில் மனைவிக்குக் காய்ச்சல் வந்து இந்தப் பட்டையால் குணமான செய்தியே இல்லை.

மற்றது, நுளம்பு. கடிப்பது பெண் நுளம்பு மட்டும் என்பது உண்மை. முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். ஆனால் இந்த உயிரியல் உண்மையை வைத்து ஆண்கள் செய்த வேலையைப் பாருங்கள். 1943இல் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தது. அதில் அனோபிலிஸ் நுளம்பின் பெயர் 'ஆன்'. இரவில் சுற்றித் திரிந்து ஆண்களின் இரத்தத்தைக் குடிக்கும் மயக்குக்காரி. படம் வரைந்தவர் பின்னாளில் டொக்டர் சூஸ் என்ற பெயரில் குழந்தைகளுக்கு எழுதி உலகப் புகழ் பெற்ற தியடோர் கெய்செல். காய்ச்சலில் படுப்பவன் ஆண், காய்ச்சலைக் கொண்டுவருபவள் பெண் என்ற இந்தச் சித்திரத்துக்கும், மலேரியா உண்மையில் யாரை அதிகம் கொன்றது என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

மழை பொய்த்த ஆண்டு

இலங்கையில் மலேரியா என்றால் உலர்வலயத்து நோய். அனுராதபுரம், வன்னி, மட்டக்களப்புப் பக்கங்களில் ஆண்டுதோறும் வந்துபோகும். தென்மேற்கின் ஈரவலயத்தில் ஆறுகள் வற்றாமல் வேகமாக ஓடுவதால் அனோபிலிஸ் குலிசிபாசிஸ் என்ற நுளம்புக்கு முட்டையிடத் தேங்கிய நீர் கிடைக்காது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மா ஓயாவும் தெதுரு ஓயாவும் களனி கங்கையும் ஓட்டம் நின்று, மணற்படுகையில் வெயில்படும் சிறு சிறு குட்டைகளாயின. நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் ஊர் ஊராக மக்கள் விழுந்தார்கள். ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 இலட்சம் பேரளவில் நோயுற்றார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

ஈரவலயத்து மக்களின் உடலுக்கு இந்த நோய் பழக்கமில்லை. அதோடு பசியும் சேர்ந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இறப்பருக்கும் தேங்காய்க்கும் விலை விழுந்து, கூலி வேலை இல்லாமற்போய், அரிசி வாங்கக் காசில்லாத வீடுகள் அவை. எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை உண்பவள் யார் என்று நமக்குத் தெரியும். காய்ச்சல் அந்த வீட்டுக்குள் நுழையும்போது ஏற்கெனவே குருதி குறைந்திருந்த உடல் அவளுடையது.

கர்ப்பிணியின் உடலில் மலேரியா நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இது யாருக்கும் நடப்பது. கர்ப்பிணிக்கோ பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த கலங்கள் நச்சுக்கொடியில், பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்று சொல்லும் உறுப்பில், ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகவேண்டிய உணவும் உயிர்வளியும் குறைகின்றன. கரு கலைகிறது, அல்லது பிள்ளை செத்துப் பிறக்கிறது, அல்லது எடை குறைந்து பிறந்து சில வாரங்களில் போய்விடுகிறது. தாய்க்குக் குருதிச்சோகை முற்றுகிறது. மற்றொருத்தி தாங்கிக்கொள்ளக்கூடிய பிரசவ இரத்தப்போக்கை இவளால் தாங்க முடிவதில்லை. மரணப் பதிவில் அவளுடைய சாவு 'பிரசவம்' என்றோ 'சோகை' என்றோ எழுதப்பட்டிருக்கக்கூடும். மலேரியாவின் கணக்கில் அவள் வரமாட்டாள்.

1930களில் இலங்கையில் 1,000 பிரசவங்களுக்கு 20க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஒரு பெண் ஐந்தாறு பிள்ளை பெறும் காலம் அது. ஒவ்வொரு பிரசவமும் தனித்தனியாக இந்த ஆபத்தைக் கொண்டுவந்தது என்று கூட்டிப் பார்த்தால், பெண்ணாகப் பிறப்பதன் விலை என்னவென்று புரியும். அந்நாட்களில் இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதைவிடக் குறைவாக இருந்தது.

வாக்குரிமையும் கொயினாவும்

இதில் என்னைத் திகைக்கவைத்த ஒன்று உண்டு. இந்தப் பெண்கள் வாக்குரிமை பெற்றவர்கள். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முன்னோடிகளில் ஒருவர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து, கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். 1931இல் டொனமூர் யாப்பின்படி 21 வயது நிறைந்த பெண்களும் ஆண்களும் வாக்களித்தார்கள். அதே ஆண்டின் இடைத்தேர்தலில் அடலின் மொலமுறே அரசாங்க சபைக்குத் தெரிவான முதல் பெண் ஆனார். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து சென்றார். ஆசியாவில் மிகச் சில நாடுகளே அப்போது இந்த இடத்தை எட்டியிருந்தன.

அடலின் மொலமுறே தெரிவான தொகுதி ருவான்வெல்ல. அது இருப்பது கேகாலை மாவட்டத்தில், கொள்ளைநோயின் நடுவில். நாட்டின் முதல் பெண் பிரதிநிதியின் மாவட்டத்தில்தான் பெண்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள்.

அதே கிராமங்களுக்குள் வேறொரு கூட்டமும் நடந்து போனது. சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் யுவதிகளும். முதலாம் உலகப்போர் நினைவு நாளில் பிரித்தானியச் சிப்பாய்களுக்காகப் பொப்பிப் பூ விற்பதற்கு எதிராக, நம் மண்ணின் சூரியப் பூவை விற்ற இயக்கம் அது. அதற்குத் தலைமை ஏற்றவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண், பிற்பாடு டொரீன் விக்கிரமசிங்க. பூ விற்ற பணத்தில் அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமி ஒருத்தியைப் படிக்கவைத்தது. கொள்ளைநோய் வந்தபோது அவர்கள் குயினைனும் உணவுமாகக் கிராமங்களுக்குப் போனார்கள். நோயாளிகளின் உண்மையான நோய் பசியென்று கண்டு மார்மைட்டை உருண்டை பிடித்து மாத்திரைபோலக் கொடுத்தார்கள்.

அந்தக் கிராமங்களில் கிடைத்த நம்பிக்கை அரசியலானது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் ருவான்வெல்லத் தொகுதியில் அந்தக் கட்சியின் என்.எம். பெரேரா வென்றார். தோற்றவர் மொலமுறே குமாரிஹாமி.

பெண்ணிய வாசகியாக இந்த இடத்தில் எனக்கு நெருடல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சபையில் இருந்த முதல் பெண்ணை ஓர் ஆண் தோற்கடித்தார் என்று இதைச் சொல்லலாம். நிலப்பிரபுத்துவக் குடும்பத்தின் செல்வாக்கைக் காய்ச்சலில் தம்மோடு நின்றவர்களுக்காக ஏழைகள் உதறினார்கள் என்றும் சொல்லலாம். அப்படி வாக்களித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், அதுவும் பெண்கள் வென்றெடுத்த வாக்குத்தான். சபையில் ஒரு பெண் அமர்வது தேவை. அது மட்டும் ருவான்வெல்லவின் கர்ப்பிணிக்குக் கொயினாவையும் சோற்றையும் கொண்டுவந்துவிடாது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கத் தேவையில்லை.

தோட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பகுதிகளின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரைவிடக் குறைவாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துரைமாரின் இரக்கம் இதற்குக் காரணமில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் குயினைனும் அளந்து கொடுக்கும் அரிசியும் ஒழுங்காக வந்தன. குயினைனும் அரிசியும் இருந்தால் சாவு குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிற்காலத்தில், 1948க்குப் பிறகு, குடியுரிமை பறிக்கப்பட்ட அதே மக்களின் சிசு மரணம் நாட்டின் சராசரியைவிட உயர்ந்தே நின்றதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

மெழுகிய சுவர்கள்

போர் முடிந்ததும் டி.டி.ரி. வந்தது. 1946, 1947இல் நாடு முழுவதும் வீடுகளின் உட்சுவர்களில் தெளித்தார்கள். இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் இளைப்பாறும். சுவரில் ஒட்டியிருக்கும் மருந்து அதை அங்கேயே கொல்லும். 1946இல் 1,000 பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது.

இந்த முறை வெற்றிபெறச் சுவரைச் சில மாதங்கள் தொடாமல் விடவேண்டும். மண் வீட்டுச் சுவரைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுவது பெண்களின் வேலை. மெழுகினால் மருந்து மறைந்துபோகும். வன்னியில் எங்கள் வீட்டிலும் 'மருந்தடிக்கிற ஆக்கள்' வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன் சட்டி பானை, அரிசிப் பெட்டி, பாய், தலையணை எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்துப்போட்டு, மூடி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர் அம்மா. திரும்ப எடுத்து வைப்பவரும் அவர்தான். பொங்கலுக்கு வீடு மெழுகவேண்டும் என்ற ஆசையைத் தள்ளிப்போடுபவரும் அவர்தான். நாடு நாடாக நடந்த மலேரியா ஒழிப்பில் தெளிப்பாளர்களின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது, தெளித்த இறாத்தல் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இந்த உழைப்புக்குக் கணக்கில்லை.

தாய் மரணம் எப்படிக் குறைந்தது என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. 1947 அளவில் 1,000 பிரசவங்களுக்கு 10 என்ற அளவுக்கு வந்திருந்த தாய் மரணம் 1950களின் தொடக்கத்துக்குள் ஏறத்தாழப் பாதியானது. டி.டி.ரி.யே காரணம் என்றார்கள் சிலர். எஸ்.ஏ. மீகம போன்றவர்கள் அதை ஏற்காமல், சுகாதார சேவையின் விரிவையும் உணவையும் சுட்டிக்காட்டினார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் ஊரூராகப் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் போனார்கள். கிராமத்து ஒழுங்கையில் நடந்துபோய்க் கர்ப்பிணிகளைப் பதிந்து, பிரசவம் பார்த்து, ஆபத்தென்றால் வைத்தியசாலைக்கு அனுப்பிய பெண்கள் அவர்கள். நுளம்பைக் கொன்ற மருந்து இரத்தத்தைக் காத்தது. மருத்துவமாது பிரசவத்தைக் காத்தார். ஒன்றில்லாமல் மற்றது இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இதன் விளைவு பிரசவ அறையோடு நிற்கவில்லை. சீமா ஜெயச்சந்திரன், அட்ரியானா யெராஸ்-முனே என்ற இரு பெண் பொருளியலாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1946 முதல் 1953 வரை இலங்கையில் தாய் மரணம் எந்த மாவட்டங்களில் கூடுதலாகக் குறைந்ததோ, அந்த மாவட்டங்களில் பெண் பிள்ளைகளின் படிப்பு ஆண் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது கூடுதலாக உயர்ந்ததை அவர்கள் காட்டினார்கள். இலவசக் கல்வியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. ஆனால் அது இருபாலாருக்கும் பொதுவாக வந்தது. பெண்ணுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்த ஏற்றத்தை அதைக்கொண்டு விளக்க முடியாது. மகள் பிரசவத்தில் செத்துப்போவாள் என்ற பயம் குறைந்தபோது அவளைப் படிக்கவைப்பது வீண் என்ற எண்ணமும் குறைந்தது. எங்கள் தாய்மாரில் பலர் எழுதப் படிக்கக் கற்றதற்குப் பின்னால் இந்தக் காய்ச்சல் ஓய்ந்த கதையும் இருக்கிறது.

திரும்பி வந்ததும் போனதும்

1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். வென்றுவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பிறகு வந்த உள்நாட்டுப் போரில் வடக்கும் கிழக்கும் மலேரியாவின் இருப்பிடமாயின. 1999இல் பதிவானவர்கள் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேல்.

எங்கள் வீட்டில் அதை நடுக்கக் காய்ச்சல் என்போம். மூன்று போர்வை போர்த்தாலும் நடுக்கம் நிற்காது, பிறகு உடல் கொதிக்கும், பிறகு பாய் நனைய வேர்க்கும். இடம்பெயர்ந்து மரத்தடியில் படுத்த நாட்களில் ஒரே ஒரு நுளம்பு வலை இருந்தால் அதற்குள் யார் படுப்பது என்பது குடும்பத்துக்குள் ஒரு தீர்ப்பு. கைக்குழந்தையும் உழைக்கப் போகும் ஆணும் உள்ளே என்பது பல குடும்பங்களில் நான் கண்டது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் வலைக்கு வெளியே படுத்திருந்தார்கள். கிளினிக்கில் வாராவாரம் விழுங்கச் சொல்லிக் கொடுத்த குளோரோகுயின்தான் அவர்களுக்கு இருந்த வேலி. கசப்பில் வாந்தி வரும், மசக்கையோடு அதையும் விழுங்கவேண்டும்.

வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை அடியோடு அழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது. வயிற்றிலுள்ள பிள்ளையின் செங்குருதிக் கலங்களை அது உடைக்கக்கூடும். ஆகவே காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலும் பிரசவம் முடியும்வரை அவள் காத்திருக்கவேண்டும்.

போருக்குள்ளும் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் ஊழியர்கள் இரத்தம் எடுத்தார்கள், வலை கொடுத்தார்கள், மருந்தடித்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு 2016 வரை உள்நாட்டில் தொற்றிய நோயாளி யாரும் இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த நீண்ட வேலையின் அறிவியலில் கமினி மென்டிஸ் போன்ற பெண் ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன.

கர்ப்பிணிக்கு வந்த மருந்து

இன்று உலகம் மலேரியாவுக்குப் பயன்படுத்தும் முதன்மையான மருந்து ஆர்டெமிசினின். அதைக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவர் து யூயூ என்ற சீனப் பெண். முனைவர் பட்டம் இல்லாதவர், வெளிநாட்டில் படிக்காதவர். 1969இல் இந்தப் பொறுப்பு வந்தபோது அவருக்கு இரண்டு சிறு பெண் பிள்ளைகள். கணவர் கலாசாரப் புரட்சியில் தொலைவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். பிள்ளைகளைப் பிரிந்துதான் ஹைனான் தீவுக்குப் போனார். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவ நூலில், மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 ஒக்டோபரில் அது எலிகளில் முழுமையாக வேலை செய்தது. 1972இல் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்குமுன் தாமே விழுங்கிப் பார்த்தார். 1977இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தபோது அதில் யாருடைய பெயரும் இல்லை. நோபல் பரிசு 2015இல் வந்தது.

ஒரு பெண் கண்டுபிடித்த இந்த மருந்து கர்ப்பிணிகளைச் சென்றடைய எவ்வளவு காலமானது என்று பாருங்கள். கருவுக்கு ஆபத்தாகலாம் என்ற பயத்தில் கர்ப்பிணிகளை மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்காமல் விடுவது வழக்கம். சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் மருந்து இல்லை. முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்குத் தொடர்ந்து பழைய குயினைன்தான் கொடுத்தார்கள். பல நாடுகளில் தெரியாமல் ஆர்டெமிசினின் எடுத்துக்கொண்ட கர்ப்பிணிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகே, ஆர்டிமெதர்–லுமிபான்ட்ரின் கூட்டு மருந்தை முதல் மூன்று மாதத்திலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் பரிந்துரைத்தது. து யூயூ தன் உடலில் மருந்தைச் சோதித்து 50 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆப்பிரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கான பெண்கள் மலேரியா உள்ள இடங்களில் கருத்தரிக்கிறார்கள். கர்ப்பிணியைப் பாதுகாப்பது என்பதற்கு அவளை ஆய்விலிருந்து விலக்கிவைப்பது என்று பொருள் கொண்டால், அவளுக்குக் கிடைப்பது எப்போதும் நேற்றைய மருந்துதான். ஒரு மருந்து வந்திருக்கிறது என்று இனிக் கேள்விப்படும்போது, அதைக் கர்ப்பிணிகளிடம் சோதித்தார்களா, எப்போது சோதிக்கப்போகிறார்கள் என்று நாம் கேட்கவேண்டும். இதை வாசிக்கும் மாணவிகளில் மருத்துவம் படிப்பவர்கள் இருந்தால் அதை வகுப்பறையிலேயே கேட்கத் தொடங்கலாம். வரலாறு படிப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் மரணப் பதிவேடுகளில் 'பிரசவம்', 'சோகை' என்று எழுதப்பட்டிருக்கும் வரிகளைத் திரும்ப எடுத்து, மாதத்தையும் ஊரையும் பார்த்து வாசிக்கவேண்டும்.